தனத்தின் குழந்தைக்குத் தைத்த பை

எங்கள் வீடுகளில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போவதென்றால் ஒரு மஞ்சள் பை போதும். நாலு பழைய வேட்டித் துணி, ஒரு பால் பாட்டில், பவுடர் டப்பா, அவ்வளவுதான். அப்படிப் பிள்ளை வளர்த்த பெண்கள்தான் வரிசையாக உட்கார்ந்து, உள்ளே அறை, வெளியே அறை, பாட்டிலுக்குத் தனி அறை என்று வைத்து, கடல் தாண்டிப் போகும் டயப்பர் பேக்குகளைத் தைத்தோம். முதல்முறை அதைப் பார்த்தபோது, இத்தனை அறைக்கும் போட அந்தக் குழந்தையிடம் என்னதான் இருக்கும் என்று நான் சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் முறைத்தார்.

பை மட்டும் இல்லை. அதே துணியில் அதற்குச் சோடியாகச் சில சாமான்கள் உண்டு. குழந்தையைக் கிடத்தி டயப்பர் மாற்ற மடித்து எடுத்துப் போகும் மெத்தை, கழுத்தில் கட்டும் பிப், ஒரு தொப்பி, ஏப்பத்துக்குத் தட்டும்போது தோளில் போட்டுக்கொள்ளும் துண்டு. எல்லாம் சேர்ந்தது ஒரு செட்டு. என் வேலைக்காலம் முழுவதும் இந்தச் செட்டுகளோடுதான் போனது.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஆனாலும் நான் வேலை பார்த்த தையல் யூனிட்டில் புதுப் பெண்களுக்குப் பயிற்சி நடந்தால் வந்து நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மைக்கைப் பிடித்தால் எனக்கு எதுவும் வராது. போன முறை ஒரு பெண் எழுந்து, "ஊசி ஒடஞ்சா கையத் தூக்கிட்டு அப்படியே உக்காருங்கறாங்க. டார்கெட் போயிருதுங்க. நாமளே வேற ஊசி மாட்டிக்கிட்டா என்னாங்க்கா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். கூடாதும்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அது ஒரு பதிலா? வீட்டுக்கு வந்து மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் மாதம்மாள். மத்தூர்ப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். கல்யாணமாகி, வீட்டுக்காரர் ஆலை வேலைக்கு வந்ததால் ஓசூருக்கு வந்தவள். பிசிறு நூல் வெட்டும் வேலையில் சேர்ந்தேன். பிறகு நேர்த்தையல், பிறகு ஓரத்தில் பட்டி வைக்கும் பைப்பிங், பிறகு மூலைத் திருப்பம். மூலைத் திருப்பத்தில் கை படிந்துவிட்டால் டெய்லர் என்று ஒத்துக்கொள்வார்கள். கடைசியில் லைன் சூப்பர்வைசர் ஆனேன். கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான். அதில் பெருமைப்பட எதுவும் இல்லை, எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

சொல்ல வேண்டியது கௌரம்மா மேடத்தைப் பற்றி. குவாலிட்டிக்கு அவர்தான் பொறுப்பு. தளிப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். எங்களோடு பேசும் தமிழில் பாதிக்குப் பாதி கன்னடம் வந்து விழும். கோபம் வந்தால் மற்ற அதிகாரிகளைப் போலக் கத்த மாட்டார். குரல் இறங்கும். எப்போதும் "ஏனம்மா" என்று உரிமையாகக் கூப்பிடுகிறவர் திடீரென்று "நீங்க, வாங்க" என்று மரியாதைக்கு மாறினால் நமக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

தொப்பியையோ பிப்பையோ கையில் கொடுத்தால் முதலில் கண்ணை மூடிக்கொண்டு தையல் மடிப்பை இமைமேல் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். உறுத்தினால் திருப்பிக் கொடுத்துவிடுவார், காரணம்கூடச் சொல்ல மாட்டார். எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். இமையில் வைத்துப் பார்க்கச் சொல்லி எந்தக் கம்பெனிக்காரனும் கேட்கவில்லை. அவராக வைத்துக்கொண்ட பரீட்சை அது.

சேஃப்டி பின் விவகாரம் வந்தபோதுதான் அவரைச் சரியாகப் புரிந்துகொண்டேன். குழந்தைச் சாமான் தைக்கும் இடத்துக்குள் யாரும் பின் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு வந்தது. நம் பெண்கள் பின்னை எங்கே வைத்திருப்பார்கள்? தாலிக்கொடியில். அவசரத்துக்கு ஆகும் என்று கொத்தாகக் கோத்து வைத்திருப்போம். கேட்டில் செக்யூரிட்டி பெண், "தாலியில இருக்கறத எடுங்க" என்றதும் பெரிய கலவரமாகிவிட்டது. "தாலியில கைய வெக்கச் சொல்றதுக்கு இவ யாரு?" என்று ஒரு அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஷிஃப்ட் ஆரம்பிக்கவில்லை. கௌரம்மா வந்தார். தன் தாலிக்கொடியை வெளியே எடுத்து, அதில் இருந்த பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கொடியைக் கண்ணில் ஒற்றி மறுபடி உள்ளே போட்டுக்கொண்டார். "தாலி இல்லம்மா, பின்தான். நோடு, பாரு" என்றார். உட்கார்ந்திருந்த அம்மாவும் எழுந்து கழற்றினார்.

இனி ஊசி விஷயம். புதுப் பெண்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். எழக் கூடாது. துணியை உதறக் கூடாது. மடியில் இருப்பதை அடுத்த மெஷினுக்குத் தள்ளக் கூடாது. சூப்பர்வைசர் வந்து காந்தத்தால் மெஷின் மேலும் கீழும் தடவி, உடைந்த துண்டுகளை எடுத்து, வெள்ளைத் தாளில் ஒன்றோடொன்று சேர்த்து வைத்து டேப் ஒட்ட வேண்டும். முழு ஊசியாகச் சேர்ந்தால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த இடத்தில் இருந்த அத்தனை சரக்கும் சிவப்புக் கூடைக்குப் போகும். கூடையிலிருந்து ஒவ்வொன்றாக டிடெக்டரில் விடுவார்கள். இரும்பு இருந்தால் அது கத்தும். பையில் காந்த பட்டன் வைப்பதால், பட்டன் வைப்பதற்கு முன்பே டிடெக்டரில் விட்டுவிட வேண்டும். அப்படியும் துண்டு கிடைக்கவில்லையென்றால் அந்தச் சரக்கு வெளியே போகாது, அழித்துவிடுவார்கள். ஒரு முறை கன்டெய்னர் வந்து வாசலில் நின்றபோதும் கௌரம்மா கூடையைத் திறக்கவில்லை. அவரை அசைக்க முடியாது என்று அன்றைக்கு ஆபீஸே தெரிந்துகொண்டது.

தனலட்சுமி என் லைனில் இருந்தாள். தனம் என்போம். சாமல்பட்டியில் பிறந்தவள். வீட்டுக்காரர் முருகேசன் ஓசூரிலேயே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. தனத்துக்குப் பையின் கைப்பிடி வேலை. தைத்த பையைத் தோளில் மாட்டி, தொங்கல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லை. ஊர்ப் பேச்சு, ஆஸ்பத்திரி, கோயில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. நாள் முழுவதும் மற்றவர்கள் பிள்ளைக்கான பையைத் தன் தோளில் மாட்டி மாட்டிக் கழற்றிக்கொண்டிருப்பாள். வேறு வேலைக்கு மாற்றவா என்று ஒரு தடவை கேட்டேன். "வேணாங்க்கா. ராசி ஒட்டிக்கட்டும்" என்று சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தனம் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று லைனே திருவிழாவானது. அவளுக்கு ஒரு செட்டு தைத்துக் கொடுப்பது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். வெளிர்பச்சையில் வெள்ளை முயல் போட்ட துணியில் அவளுக்கு ஒரு கண். ஆர்டர் முடிந்து மிச்சம் விழுந்த துண்டுகளை ஆபீஸில் கேட்டு வாங்கினோம். மதிய இடைவேளையில் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு ஆளுக்குக் கொஞ்சம் தைத்தோம். தொப்பி ஒருத்தி, பிப் ஒருத்தி, பை நான். மெத்தையை இசக்கி எடுத்துக்கொண்டாள். இசக்கி திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்த பெண், தனத்தின்மேல் உயிரையே வைத்திருந்தாள். துண்டுத் துணி என்பதால் முயல்கள் பாதி பாதியாக வெட்டுப்பட்டுக் கிடந்தன. இசக்கி பொறுமையாக ஒட்டுப்போட்டு, ஒரு முயலுக்கும் காது போகாமல் சேர்த்தாள். ஏற்றுமதிச் சரக்கில்கூட நாங்கள் அவ்வளவு அக்கறை எடுத்ததில்லை.

பிறப்பதற்கு முன்னால் குழந்தைச் சாமான் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்த பிறகும் கொஞ்ச நாள் பழைய துணியில்தான் கிடத்துவார்கள். அதனால் தைத்து முடிந்தவை யூனிட்டிலேயே என் அலமாரியில் இருந்தன; ஒட்டுவேலை என்பதால் மெத்தை மட்டும் கடைசி நாள்வரை இசக்கியிடம் இருந்தது. தனத்துக்குத் தாய்வீட்டில் பெண்குழந்தை பிறந்து, தீட்டுக் கழித்துப் பெயர் வைத்த பிறகு, முருகேசன் வந்து வாங்கிக்கொண்டு சாமல்பட்டிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை வாட்ஸாப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். முயல் மெத்தைமேல் குழந்தை கையை மடக்கிக்கொண்டு தூங்கியது. லைனில் இருந்த அத்தனை பேரும் இதயமாக அனுப்பித் தள்ளினார்கள். நானும் அனுப்பினேன்.

செவ்வாயோ புதனோ இருக்கும். இசக்கியின் மெஷினில் தையல் விட்டு விட்டு விழுகிறது என்று பார்க்கப் போனேன். ஊசியைக் கழற்றிக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. தண்டில் இருக்கும் எழுத்து வேறு. எங்கள் ஸ்டோரில் அந்த ஊசி கிடையாது.

"இசக்கி, இது நம்ம ஊசி இல்லியே. எங்கிருந்து வந்தது?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "யக்கா, அன்னைக்கு மத்தியானம் மெத்த தைக்கும்போது ஒடஞ்சிட்டுக்கா. ஸ்டோர்ல ஆள் இல்ல. தனக்கா வீட்டுக்காரர் மறுநா வாராருன்னு சொன்னீய. நான் பஜார்ல வாங்கி வச்சிருந்த ஊசியப் போட்டு முடிச்சிட்டேம்."

"ஒடஞ்சது எங்க?"

சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தாள். மேல்துண்டு இருந்தது. நடுத்துண்டு இருந்தது. முனை இல்லை.

"கீழ விழுந்திருக்கும்னு நெனச்சேங்க்கா" என்றாள். 

 போட்டோவில் பார்த்த அந்தக் குழந்தையின் மடக்கிய கைதான் கண்முன்னால் நின்றது. நேராகக் கௌரம்மாவிடம் போனேன். பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். "மாதம்மா, நீங்க வாங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது. மெஷினடியில் காந்தம் விட்டார். தரை தினமும் பெருக்கும் தரை, அங்கே என்ன இருக்கப் போகிறது. பெருக்கிய குப்பை மூட்டையைக் கொட்டிப் பார்த்தார். முனை இல்லை.

தனத்துக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது. பச்சைக் குழந்தை இருக்கும் இடத்தில் போன் கூடாது என்று அவள் அம்மா வாங்கி வைத்துக்கொண்டதாக முருகேசன் முன்பே சொல்லியிருந்தார். அந்த வீட்டில் வேறு போன் கிடையாது. முருகேசனுக்குப் பகல் ஷிஃப்ட். அங்கே போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவர் ஆபீஸுக்குத் தகவல் சொல்லிவிட்டு, நாங்களே கிளம்புவது என்று முடிவானது.

கையில் பிடித்துப் பார்க்கும் சின்ன டிடெக்டர் ஒன்று உண்டு. அதை வெளியே எடுத்துப் போக மேனேஜர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு விஷயம் உறைக்கவில்லை. "நம்ம ஆளுங்களுக்குள்ள குடுத்துக்கிட்டதும்மா அது. ஷிப்மென்ட் சரக்கா இருந்தா நானே நிறுத்தியிருப்பேன். சாயங்காலம் போன்ல சொல்லிக்கலாமே" என்றார்.

"சார், ஷிப்மென்ட்ல இன்னும் எந்தப் பாப்பாவும் படுக்கல. இதுல படுத்திருக்கு" என்றார் கௌரம்மா.

மேனேஜர் சரியென்று தலையை ஆட்டினார். இசக்கி நானும் வருவேன் என்று அழுதாள். கௌரம்மா அவளையும் வரச் சொன்னார். கிருஷ்ணகிரி போய் ஊத்தங்கரை பஸ் பிடித்தோம். மத்தூர் வந்தது. என் பிறந்த ஊர்ப் பக்கம், எப்போது கடந்தாலும் எட்டிப் பார்ப்பேன். அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. வழி முழுவதும் ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டேன். அந்த முனை எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், மெத்தையில் மட்டும் இருக்கக் கூடாது.

சாமல்பட்டியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வீடு. தனத்தின் அம்மா முனியம்மா எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார். "வாங்க வாங்க, ஓசூர்லருந்தா வர்றீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா கோழி அடிச்சிருப்பனே. உக்காருங்க, காப்பி போடறன்." காதை மறைத்துத் துணி கட்டிக்கொண்டு தனம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பை ஆணியில் தொங்கியது. குழந்தை முயல் மெத்தைமேல் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது.

கௌரம்மா உட்காரவில்லை. "முதல்ல பாப்பாவ எடுங்கம்மா" என்றார். முனியம்மாவுக்குப் புரியவில்லை. ஆனால் தனம் எங்கள் முகத்தைப் பார்த்தாள், பிறகு கௌரம்மா கையில் இருந்த டிடெக்டரைப் பார்த்தாள். எத்தனையோ வருடம் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவள்.  பச்சை உடம்போடு தாவி வந்து குழந்தையை வாரி எடுத்தாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சட்டையைக் கழற்றி, அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். பின்தோளில் சிவப்பாக ஒரு கீறல் இருந்தது.

"அது நகம் பட்டதுங்க" என்றார் முனியம்மா. "ரெண்டு நாளா ஒரே அழுவ. வசம்பு ஒரசிக் குடுத்தன், மொளகா சுத்திப் போட்டன். அந்த மெத்தையில போட்டாத்தான் ரொம்ப அழுவுது. புதுசு, இன்னும் பழகலன்னு இருந்துட்டன்."

 கௌரம்மா டிடெக்டரைப் பைமேல் ஓட்டினார். காந்த பட்டன் இருக்கும் இடத்தில் மட்டும் கத்தியது. அது எதிர்பார்த்ததுதான். தொப்பி, பிப், துண்டு எதிலும் சத்தம் இல்லை. மெத்தையில் ஓட்டினார். தலைப்பக்க மூலையிலிருந்து ஒரு சாண் கீழே வந்ததும் கத்தியது. திரும்ப ஓட்டினார். திரும்பவும் அதே இடத்தில் கத்தியது.

தையலைப் பிரிப்பதற்காகக் கௌரம்மா தன் கைப்பையைத் திறந்ததும் முனியம்மா குறுக்கே வந்துவிட்டார். "பேரு வெச்ச கொழந்த படுத்த துணிங்க. அதுல கத்திரி வெக்கறது எங்களுக்கு ஆவாது. வேணும்னா அப்படியே எடுத்துட்டுப் போங்க."

எடுத்துப் போனால் முனை இருந்ததா, எங்கே இருந்தது, அது முழு முனையா என்று எதுவும் தெரியாது. பாதி உடைந்து குழந்தையின் உடம்பில் இருந்தால்? கௌரம்மா தரையில் உட்கார்ந்தார். "கத்திரி இல்லம்மா. துணியில கை வெக்க மாட்டேன். நூல் மட்டும் எடுக்கறேன்" என்று, தையல் பிரிக்கும் சின்ன முள்ளைக் காட்டினார். முனியம்மா தயங்கினார். "எடுக்கட்டும்மா" என்றாள் தனம்.

கௌரம்மா ஒவ்வொரு தையலாகத் தூக்கி நூலை அறுத்தார். இசக்கி எவ்வளவு நெருக்கமாகத் தைத்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பைப்பிங் பிரிந்தது, மேல்துணி பிரிந்தது. பஞ்சுக்குள் காந்தத்தை விட்டு மெல்ல இழுத்தார். வந்துவிட்டது. அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். வெள்ளைத் தாளை விரித்து, இசக்கியின் பொட்டலத்தில் இருந்த இரண்டு துண்டுகளோடு சேர்த்து வைத்தார். மூன்றும் பொருந்தின. டேப் ஒட்டி, தினமும் சொல்கிற பழக்கத்தில், "ஆய்த்து, முழுசா கெடச்சாச்சு" என்றார்.

"உங்களுக்கு ஆச்சுங்க மேடம்" என்றாள் தனம்.

முதலில் ஆஸ்பத்திரி என்று கௌரம்மா எழுந்தார். தெருவில் ஒரு ஆட்டோ பிடித்து எல்லோரும் போனோம். டாக்டர் நன்றாகப் பார்த்தார். மேல்தோலில்தான் கீறல், உள்ளே எதுவும் இல்லை, ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும் என்று மருந்து போட்டு அனுப்பினார். முனியம்மா வாசலிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார்.  தனம் அழவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மேடம், நான் தோள்ல மாட்டி அனுப்புன பையில ஒண்ணுகூட டிடெக்டர்ல போவாம வெளிய போனதில்ல. யாரு பெத்த புள்ளைன்னு தெரியாது, எந்த ஊருன்னு தெரியாது. அதுங்களுக்கெல்லாம் பாத்தோம். எம் பொண்ணுக்கு வந்தது மட்டும் எப்படிங்க பாக்காம வந்துச்சு?"

இசக்கிதான் வாயைத் திறந்தாள். "நம்ம பாப்பாதானன்னு இருந்துட்டோம்க்கா" என்று தேம்பினாள்.

பொய் இல்லை. மெத்தை தைத்தவள், பை தைத்தவள், தொப்பி தைத்தவள், ஆசையாசையாக வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லோருக்கும் அதுதான் மனதில் இருந்தது. நம்ம பாப்பாதானே, அதற்கு எதற்கு மெஷின், எதற்குக் கூடை. வாய் நிறையப் பாசத்தோடு சொல்கிற சொல் அது. அந்தத் 'தானே'யில் எவ்வளவு அலட்சியமும் சேர்ந்திருக்கிறது என்று அந்த வீட்டில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

தனம் இசக்கியைப் பார்க்கவில்லை. கௌரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யூனிட்டைச் சோதிக்க வரும் எந்த ஆடிட்டர் எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் வைத்திருக்கும் கௌரம்மா, தலையைக் குனிந்து, "தப்பாய்த்து தனம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மறுநாளே விதி மாறியது. யூனிட்டுக்குள் யாருக்காக எது தைத்தாலும், சொந்தப் பிள்ளைக்கானாலும், ஊசிக் கணக்கும் டிடெக்டரும் உண்டு என்று ஆனது. ஆனால் விதி மாறியதைச் சொல்ல நான் உட்காரவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நான் பிரிந்து கிடந்த மெத்தையைச் சுருட்டி எடுத்தேன். "இத எடுத்துட்டுப் போறம் தனம். வேற புதுசா தெச்சு, மெஷின்ல விட்டு அனுப்பறன்" என்றேன்.

"வேணாங்க்கா. இதையே தெச்சுக் குடுங்க. இங்கயே, எங்கண்ணு முன்னாடி தெச்சுக் குடுங்க" என்றாள்.

அந்த வீட்டில் மெஷின் கிடையாது. முனியம்மா சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கைத்தையல் ஊசியை எடுத்துக் கொடுத்தார். கௌரம்மா அதைத் தனத்திடம் நீட்டி, முழு ஊசிதானா என்று பார்க்கச் சொல்லி, பிறகு நூல் கோத்தார். ஒரே ஊசி என்பதால் மாற்றி மாற்றித் தைத்தோம். அவர் மேல்துணியைச் சேர்த்தார். நான் மூலைகளைத் திருப்பினேன். இசக்கியிடம் ஊசியை நீட்டியபோது அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "நீயும் தெய் இசக்கி" என்றாள் தனம். அவள் பைப்பிங்கைச் சுற்றி முடித்தாள். ஆயுள் முழுவதும் மெஷினில் தைத்த எங்களுக்குக் கைத்தையல் கோணல் மாணலாகத்தான் வந்தது. தனம் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, எங்கள் விரல்களைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் கௌரம்மா ஊசியைத் திருப்பிக் கொடுத்தார். தனம் அதை வெளிச்சத்தில் பிடித்து, முனையைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்து, அம்மாவிடம் கொடுத்தாள். கௌரம்மா டிடெக்டரைக் கையில் எடுத்து மெத்தையை நோக்கி நகர்ந்தார்.

"இருக்கட்டுங்க மேடம்" என்றாள் தனம்.

குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்தாள். மெத்தையைத் தரையில் விரித்தாள். காதில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, அந்தச் சின்ன மெத்தைமேல் குப்புறப் படுத்து, கன்னத்தை அதில் வைத்து அழுத்தினாள். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை முகத்தை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனாள். பிறகு மறு கன்னம். பிறகு நெற்றி, பிறகு உதடு. நாங்கள் தைத்த இடம் எதையும் அவள் விடவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து, கையை நீட்டிக் குழந்தையை வாங்கி அதன்மேல் கிடத்தினாள்.